பூமழைப் பெட்டியில் ஒரு சிறு குழி

மேடை ஏறிப் பழகாதவள் மைக்கைப் பிடித்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், தாளைப் பார்த்தே படிக்கிறேன்.

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் அத்தர் கடை முகமது யூசுப் ஐயா அவர்களே! சேர்வராயன் மலையின் வாசத்தைச் சீசாவில் சிறைபிடித்த ஆடை வடிவமைப்பாளர் ரிஸ்வானா அக்கா அவர்களே! கொட்டச்சேட்டிலிருந்தும் தலைச்சோலையிலிருந்தும் பஸ்ஸேறி வந்திருக்கும் பெரியோர்களே, பெற்ற தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

கேட்கவில்லையா, சித்தி? இதோ, மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

ஊரெல்லாம் ரோஜாவைக் கொண்டாடியது, மல்லியைக் கொண்டாடியது. நம் காப்பிப் பூவை யார் ஏறெடுத்துப் பார்த்தார்கள்? மார்ச் மழை பெய்து ஒன்பதாம் நாள் மலையே வெள்ளை உடுத்தும். மூன்றே நாளில் உதிர்ந்துபோகும். அந்த மூன்று நாளைப் பச்சை மிளகின் காரத்தோடும் நனைந்த மண்ணின் வாடையோடும் கலந்து, ‘பூமழை’ என்று பெயரிட்டு, பட்டுச்சேலைக்கு நிகரான விலையில் உலகத்தின் முன்னால் வைக்கத் துணிந்தவர் எங்கள் அக்கா! அவருடைய வாசனைக் கூடத்தில் நான் உதவியாளர். எங்கள் வீட்டின் முதல் பட்டம், வேதியியல், என்னுடையது.

போன வருடம் முதல் முயற்சி. நாற்பது செடிகளின் பூவைப் பறித்து, ஆவியில் காய்ச்சித் தைலம் இறக்கினோம். சரியாக வந்திருக்கிறதா என்று யாரைக் கேட்பது? கொட்டச்சேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பன்னிரண்டு பெண்களை அழைத்தார் அக்கா. வந்தார்கள்! விருந்தாளிகள் முன்னால் வெறுந்தலையோடு போகலாமா? ஆளுக்கு இரண்டு முழம் மல்லி, முகம் நிறையப் பவுடர்! அறைக்குள் மல்லியைத் தவிர வேறெதுவும் மணக்கவில்லை. துணைக்கு வந்த யூசுப் ஐயா தும்மிக்கொண்டே வெளியேறினார். சிரிக்கிறீர்கள், ஐயாவும்தான் சிரிக்கிறார்.

மறுநாள் பூவும் பவுடரும் இல்லாமல் வரச் சொன்னோம். முதலில் முகர்ந்தவர் அருக்காணி, என் அம்மா.

“வெந்த கீரையாட்டம் இருக்குதுங்க அம்மணி,” என்றார். அதோடு விட்டாரா? “ஏனுங்க, பூவப் பறிச்சுப்போட்டா பழம் எங்கிருந்துங்க வரும்? பழமில்லீன்னா எங்களுக்கு வேல ஏதுங்க?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அக்கா என்ன செய்தார்? அத்தனை தைலத்தையும் கொட்டச் சொன்னார்! இந்த மார்ச்சில், செடியிலேயே இருக்கும் பூங்கொத்தின் மேல் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்தோம். உள்ளே நின்ற காற்றை மட்டும் இழுத்தோம். அந்தக் காற்றில் இருந்ததை ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்துக் கலவை செய்தோம். ஒரு பூவைக்கூட ஒடிக்கவில்லை! குடுவைக்குள் மணந்த கொத்துகள் இன்று பச்சைக் காயாக நிற்கின்றன. போன வாரம் அம்மா சீசாவைத் திறந்து முகர்ந்தார். முந்தானையில் இரண்டு சொட்டு தடவிக்கொண்டார். அதைவிடப் பெரிய பரிசு எந்த ஊர் மேடையில் கிடைக்கும்?

இப்போது இந்தப் பெட்டியைப் பாருங்கள். வெல்வெட்டின் நடுவே சீசா. பக்கத்தில் வட்டமாய் ஒரு சிறு குழி. அடுத்த மார்ச்சிலிருந்து அதில் நிஜக் காப்பிப் பூங்கொத்தை உலர்த்தி வைப்பதாக முடிவாகியிருக்கிறது. பெட்டிக்கு ஒரு கொத்து. பத்தாயிரம் பெட்டிகள் வேண்டுமென்று இப்போதே கேட்டிருக்கிறார்கள். முடிவெடுத்த அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். படிக்காத என் அம்மா அன்று கேட்ட கேள்வியைப் படித்த நான் கேட்கவில்லை.

எது துணிச்சல்? யாரும் தொடாத பூவைத் தொட்டது துணிச்சல். கையில் இருந்த தைலத்தைக் கொட்டியது துணிச்சல். பத்தாயிரம் பெட்டி கேட்கும்போதும் பறிக்காமல் விடுவது, அதனினும் பெரிய துணிச்சல்!

இனிச் சொல்லப்போவதைச் சொன்ன பிறகு மைக் என் கையில் இருக்குமோ என்னவோ. ஆகவே பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றியையும் வணக்கத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, இது என் தாளில் இல்லை. அந்தக் குழியைக் காலியாகவே விடுங்கள். அதன் அடியில் ஒரே ஒரு வரி அச்சடியுங்கள்: ‘இங்கே இருக்க வேண்டிய பூ, பழமாகப் போயிருக்கிறது.’