எருமைக்குப் போட்ட பழைய பிரேக்

கோப்பியைப் பால் விடாமல் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. எங்கள் வீட்டில் கேட்காமலே பாலை ஊற்றிவிடுவார்கள். இந்த வயதில் எலும்புக்குப் பால் நல்லது என்று லோரன்ஸ் எங்கேயோ வாசித்துவிட்டான். அன்றிலிருந்து என் கோப்பியும் மாறிவிட்டது.

உங்கள் பெயர் நந்திதா என்று சொன்னீர்கள், என்ன தங்கச்சி? நீங்கள் இந்தியாப் பக்கம். என் கதை எங்கேயாவது விளங்காவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். எனக்கு டேனிஷ் தெரியாது என்று இந்தப் பொலிஸ் அம்மா நினைக்க வேண்டாம். ஹேர்னிங்கில் துணி ஆலையில் இயந்திரம் திருத்துகிறவனாக ஆயுள் முழுக்க அந்தப் பாஷையில்தான் குப்பை கொட்டினேன். ஆனால் களைத்துப்போன மனிதனுக்கு இரவல் பாஷை வாயில் நிற்பதில்லை. அதனால்தான் மொழிபெயர்க்க ஆள் கேட்டேன். நான் ஒன்றையும் மறைக்கப்போவதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். மறைக்கிறதுக்கும் ஒரு தெம்பு வேண்டும்.

லோரன்ஸ் என் தங்கை யோகமலரின் புருசன். செத்துப்போனவன் அவன்தான். நான் கலியாணம் கட்டவில்லை. அவர்கள் வீட்டு மேல் அறையில்தான் இவ்வளவு காலமும் இருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, என்னை நன்றாகத்தான் பார்த்தார்கள். என் கட்டிலை மாற்றினார்கள், கண்ணாடியை மாற்றினார்கள், திரைச்சீலையை மாற்றினார்கள். நான் ஆசையாகக் காலில் போட்ட சப்பாத்தைக்கூட லோரன்ஸ் ஒருநாள் குப்பையில் போட்டுவிட்டுப் புதிசு வாங்கிவந்தான். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்வான். சிரிக்கிறவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

காரைக் கண்டுபிடித்தது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில், வைக்கோல் கொட்டகைக்குள், தார்ப்பாய் மூடிக் கிடந்தது. அறுபத்தாறாம் ஆண்டு அமெரிக்கக் கார், எட்டுச் சிலிண்டர் எஞ்சின், நீண்ட மூக்கு, அகன்ற முதுகு. யோகமலர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, எருமையைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள்?" என்று கேட்டாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. லோரன்சும் நானும் பாதிப் பாதியாக வாங்கினோம். கொட்டகையையே வாடகைக்கு எடுத்து அங்கேயே வைத்துத் திருத்தத் தொடங்கினோம். திருத்தியது நான். லோரன்ஸ் விளக்குப் பிடிப்பான், படம் எடுப்பான், பகிடி விட்டுச் சிரிப்பான்.

யாரோ ஒருத்தன் அதற்குச் சிவப்பு அடித்து வைத்திருந்தான். கதவுக் கீலுக்கு உள்ளே நகத்தால் சுரண்டினேன். அடியில் பாசி நிறத்தில் ஒரு பச்சை தெரிந்தது. அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். இத்தனை பேர் கை பட்டும் அது தன் நிறத்தை உள்ளே வைத்திருந்தது பாருங்கள். அன்றைக்குத்தான் எனக்கு நிச்சயமாயிற்று, இது பிறந்தபடியே எழும்ப வேண்டும் என்று.

லோரன்சுக்கு வேறு எண்ணம். புது எஞ்சின், கறுப்பு நிறம், தோல் இருக்கை, தொலைபேசியோடு சேர்ந்து பாடுகிற ஸ்பீக்கர். "வெளியிலை பழசு, உள்ளுக்கை புதுசு. அதுதான் மச்சான் இப்ப ஸ்டைல்" என்பான். ஒரு மாரிகாலம் முழுவதும் இதே கதைதான். சோறு தின்னும்போதும் இதே கதை. நான் அதிகம் பேசமாட்டேன், ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். கடைசியில் அவன்தான் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தான். பச்சை நிறம் உன்ர விருப்பம் மச்சான் என்றான். எஞ்சினும் அப்படியே இருக்கட்டும் என்றான். இருக்கையும் பழைய மாதிரியே தைப்பித்தோம். ஊமையாகிப்போன அந்த ரேடியோவைக்கூட வைத்துக்கொள் என்றான். இதை நான் ஒளிக்கவில்லை. எல்லாவற்றிலும் நான் கேட்டதுதான் நடந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர.

அது பிரேக்.

தங்கச்சி, இதைக் கொஞ்சம் கவனமாக மொழிபெயர்க்க வேண்டும். அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகத்தான் ஓடும். ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கும் கைவிட்டுவிடும். புது வகையில் முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி. ஒன்று போனாலும் மற்றது காரை நிறுத்தும். இதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தவள் தனுசியா, லோரன்சின் மகள். ஓல்போவில் பொறியியல் படிக்கிறாள். தகப்பனோடு டேனிஷில்தான் பேசுவாள். என்னோடு மட்டும் தமிழ் பேசுவாள். ஒருநாள் கொட்டகைக்கு வந்து எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "மாமா, மிச்சமெல்லாம் பழசா இருக்கட்டும். பிரேக்கை மட்டும் மாத்துங்கோ. அப்பா ஓடுற ஓட்டம் உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.

சொன்னபடி மாற்றினேன். லோரன்ஸ் தருவித்த புது பிரேக்கைப் பூட்டினேன், இரண்டு வழிக் குழாயும் இழுத்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சோதனைக்குக் கொண்டுபோனோம். சோதித்தவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பழைய காருக்கு இந்த மாற்றம் பரவாயில்லை, நல்லதுதான் என்றார். முப்பத்தைந்து வயது தாண்டிய கார் என்று பதிந்தும் தந்தார்கள். இனி எட்டு வருடத்துக்கு அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. லோரன்ஸ் என் முதுகில் தட்டினான். எனக்குத்தான் சந்தோசம் வரவில்லை.

பிறகு, பழைய கார்க்காரர்கள் கூடுகிற இடத்துக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டினோம். வெள்ளை மீசை வைத்த ஒரு டேனிஷ்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பச்சையைத் தொட்டுப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்துத் தலையாட்டினார். என் வாழ்க்கையில் என் வேலையை அப்படி ஒருவர் பார்த்ததில்லை. பிறகு குனிந்து சக்கரத்துக்குள் இருந்த புது பிரேக்கை எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, "பாவம், கெடுத்துவிட்டீர்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். லோரன்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அதை வீட்டுக்கு வந்து யோகமலரிடமும் நடித்துக் காட்டினான்.

கோபமா என்று கேட்கிறீர்கள். கோபப்படுகிறதுக்கு எனக்கு வயது போய்விட்டது. அலுப்பு, தங்கச்சி. என் கையால் செய்த ஒரு காரியமாவது முழுசாக இருக்கக்கூடாதா என்கிற அலுப்பு. அடுத்த கிழமை கொட்டகைக்குத் தனியே போய்ப் புது பிரேக்கைக் கழற்றினேன். காரோடு பிறந்ததைத் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். சக்கரத்தை மாட்டிவிட்டால் குனிந்து தேடாதவனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தன் தன் இடத்தில் வந்து இருந்தபோது எனக்கு நல்ல நித்திரை வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

லோரன்சிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திரும்பவும் ஒரு மாரிகாலம் அதே கதை. பின் சக்கரத்துக்குள் பிரேக் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் மட்டும் பழையதாகிக் காய்ந்திருந்தது. புதியதற்கு அமெரிக்காவில் சொல்லி வைத்திருந்தேன், வரவில்லை. அதற்குள் யோகமலர் கோயிலில் ஐயரிடம் பூசைக்கு நாள் எடுத்துவிட்டாள். பழைய ரப்பரையே போட்டேன். கொட்டகைக்குள் மிதித்துப் பார்த்தபோது பெடல் பிடித்தது. மிதித்தபடியே வைத்திருந்தால் மெதுவாகக் கீழே இறங்கும். பழைய கார்களுக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காரை டிரெய்லரில் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூசை முடியாமல் ஓடக்கூடாது என்பது யோகமலரின் சட்டம். லோரன்ஸ் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனால் மனைவி சொல்லுக்கு மறுபேச்சில்லை. சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். வாகனப் பூசை உங்கள் பக்கமும் இருக்கும்தானே? நான்கு சக்கரத்துக்குக் கீழேயும் தேசிக்காய் வைத்து, காரை முன்னுக்கு உருட்டி நசுக்க வேண்டும். தேசிக்காய் என்றால் நீங்கள் சொல்கிற எலுமிச்சம்பழம். பொலிஸ் அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்துங்கள். கண்ணூறு கழிக்கிறது, இனி இந்த வண்டிக்கு ஒரு தீங்கும் வராது என்று.

லோரன்ஸ் உருட்டினான், நிறுத்தினான். கார் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். யோகமலர் பூசைச் சாப்பாட்டுக்கு உதவி செய்ய மடப்பள்ளிக்குப் போனாள். லோரன்ஸ் காலை பிரேக்கில் வைத்துக்கொண்டே கதவுக் கண்ணாடியை இறக்கி வெளியே தலையைப் போட்டு எல்லோரோடும் பகிடி விட்டுக்கொண்டிருந்தான். இறங்கி மாலையைச் சரிசெய்யப் பின்னுக்கு வந்தவன் குனிந்து பார்த்தான். பின் சக்கரத்தடியில், நசுங்கிய பழத்துக்குப் பக்கத்தில், நிலம் ஈரமாக இருந்தது.

"மச்சான், உதென்ன ஈரம்?" என்று கேட்டான்.

நான் பார்த்தேன். சாறு சீமெந்தில் ஊறிப் பரவும். இது ஊறாமல் மினுங்கிக்கொண்டு நின்றது. சக்கரத்தின் உள்பக்கத்திலிருந்து இன்னும் ஒரு துளி இறங்கியது. கற்பூர மணத்தில் வேறு மணம் ஒன்றும் தெரியவில்லை.

"தேசிக்காய்ச் சாறு" என்றேன்.

"நீ சொன்னால் சரி" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறினான். கார் விசயத்தில் அவன் என் சொல்லைத் தாண்டினதே இல்லை. பிரேக்கைக்கூட மகள் கேட்டதால்தான் மாற்றச் சொன்னான்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நானும் யோசித்துத்தான் பார்த்தேன். அந்த இடத்தில், அவ்வளவு சனத்துக்கு முன்னால், ஒழுகுகிறது என்று சொன்னால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றினால் எல்லோரும் பார்ப்பார்கள். லோரன்ஸ் சிரிப்பான். பிறகு திரும்பவும் புது பிரேக். எனக்கு அதற்கெல்லாம் உடம்பில் பலம் இருக்கவில்லை. மெதுவாக ஓடினால் வீடு வரைக்கும் தாங்கும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அவன் மெதுவாக ஓடுகிற ஆள் இல்லைத்தான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். கோயில் ஒழுங்கை, அந்த ஒடுங்கிய சின்னத் தெரு, பெருந்தெருவில் ஏறுகிற சந்தி. அங்கே நின்று வழிவிட வேண்டும். எருமை நிற்கவில்லை. பால் லொறி வந்தது. பின்விளக்குச் சிவப்பாக எரிந்ததை நான் பார்த்தேன். லோரன்ஸ் கடைசி வரைக்கும் மிதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவனுக்காக நான் அழுதேன். பொய்யாக அழவில்லை. அவனைப்போல ஒரு மச்சான் எவனுக்கும் கிடைக்கமாட்டான்.

சேதம் முன்பக்கத்தில்தான் அதிகம். பின்னுக்குக் கதவும் கீலும் அப்படியே இருப்பதாக உங்கள் ஆட்கள் எடுத்த படத்தில் பார்த்தேன். எல்லாம் முடிந்த பிறகு அதை நசுக்கக் கொடுத்துவிடாதீர்கள். தெரிந்த ஆள் ஒருவர் கையில் கிடைத்தால் எழுப்பலாம். ஆனால் பிறந்தபடிதான் எழுப்ப வேண்டும்.

யோகமலர் என்னைப் பார்க்க வரவில்லை. வரவேண்டாம். தனுசியா உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். அவள் சொன்னதெல்லாம் உண்மை. தகப்பனுக்குப் பக்கத்தில் ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டாள். நான்தான் கதவைத் திறந்து, "நீ இறங்கு பிள்ளை, என்ர காரிலை வா" என்றேன். ஏன் என்று கேட்டாள். எனக்கு வழித்துணைக்கு ஆள் வேண்டும் என்றேன். வழியில், "ஏன் மாமா இவ்வளவு தள்ளிப் போறியள்? அப்பாவைப் படமெடுக்க ஏலாமல் கிடக்கு" என்று சிணுங்கினாள். நான் வேகத்தைக் கூட்டவில்லை. கிட்டப் போகவும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு நீங்கள் வேறு மாதிரி யோசிக்கிறீர்கள் என்று இந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அப்படி இல்லை. அவனுக்கு ஒரு தீங்கும் நான் நினைத்ததில்லை. அந்தப் பழைய பிரேக்கில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. இதைச் சரியாக மொழிபெயர்த்து எழுதச் சொல்லுங்கள், தங்கச்சி. பிள்ளையை இறக்கினது, அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதற்காக மட்டும்தான்.