அமுதவள்ளியின் கடைசி வரி

மேடையில் இருக்கும் நம் கூட்டமைப்பின் தலைவர் காசிராஜன் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தங்கப்பாண்டி அண்ணன் அவர்களே, ஆலையை அரை நாள் அடைத்துவிட்டு வந்திருக்கும் தீப்பெட்டி உற்பத்தியாளர்களே, அலுவலகத் தோழிகளே, தோழர்களே. வணக்கம் சொல்லி மகிழும் கூட்டம் இல்லை இது, இரங்கல் கூட்டம். ஆனாலும் வணக்கம்.

நான் பொன்மணி. கணினிப் பிரிவு. பிரிவில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் இருக்கிறேன்.

நம் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் திருமதி அமுதவள்ளி அவர்கள் என்ன வேலை செய்தார்? எனக்கு முன் பேசியவர்கள் கம்ப்யூட்டர் வேலை என்றார்கள். சரிதான். நம் ஆலைகளின் ஆர்டர், சரக்கு இருப்பு, லேபிள் படம், லாரிக்கான காகிதம் எல்லாம் இன்று கிளவுடில் இருக்கின்றன. எங்கோ தொலைவில் நாம் வாடகைக்கு எடுத்த கணினிகளில். அதற்குள் யார் நுழைந்தார், எப்போது, எங்கிருந்து, என்ன செய்தார்? ஒவ்வொன்றும் ஒரு வரியாகத் தானே பதிவாகும். அதற்கு லாக் என்று பெயர். எல்லா ஊரிலும் லாக் பதிவாகிறது. வாசிக்க ஆள் இருப்பதில்லை. நமக்கு ஆள் இருந்தார். தினமும் வாசித்தார்.

அவர் வருவதற்கு முன் நாம் எப்படி இருந்தோம்?

ஒரே பெயரில் இருந்தோம். ‘முதலாளி’ என்று ஒரு லாகின். கணக்குப் பிள்ளையும் அதில்தான் நுழைவார், குடோன்காரரும் அதில்தான், முதலாளியின் மருமகனும் அதில்தான். கடவுச்சொல் நம் தீப்பெட்டி லேபிளின் பெயர். நாடு முழுக்கப் பெட்டிக்கடைகளில் தொங்கிய கடவுச்சொல்! சிரிக்கிறீர்கள். அவரும் முதல் நாள் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

ஆளுக்கொரு பெயர் வேண்டும் என்று அவர் கேட்டபோது இதே மண்டபத்தில் சண்டை நடந்தது. நம்மிடையே தனிப் பெயர் கேட்பது சந்தேகப்படுவதாக ஆயிற்று. அண்ணாச்சி அன்று கேட்டது பலருக்கு நினைவிருக்கும்.

“ஏம்மா, நம்ம ஆளுகள நாமளே வேவு பாக்கணுமாக்கும்?”

அமுதவள்ளி அக்கா எழுந்தார்.

“வேவு இல்ல அண்ணாச்சி. எல்லாரும் ஒரே பேர்ல இருந்தா, ஒண்ணு தொலைஞ்சா எல்லாரையும் சந்தேகப்படணும். ஆளுக்கொரு பேரு இருந்தா சும்மா இருக்கவங்களச் சந்தேகப்பட வேண்டாம்லா.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அந்த வாக்கியத்தைவிடத் தெளிவாக இந்தத் துறையைப் பற்றி நான் கல்லூரியிலும் படித்ததில்லை.

அந்த வாக்கியத்துக்கு மறு மழைக்காலத்தில் சோதனை வந்தது. வெளிநாட்டு ஆர்டருக்கான லேபிள் படங்கள் மொத்தமும் காணாமல் போயின. நம் அலுவலகத்து முத்துமாரியம்மாள் அப்போதுதான் வேறு நிறுவனத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். போதாதா? எல்லார் கண்ணும் அவர் மேல். “போற போக்குல துடைச்சிட்டுப் போறா” என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே மூடிவைத்தார்.

அக்கா லாக்கைத் திறந்தார். வாசித்தார். திரையைப் பூட்டிவிட்டு நேராக அண்ணாச்சி அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்தது அண்ணாச்சிதான். பேத்தி கல்யாணப் படங்களுக்கு இடம் வேண்டும் என்று தன் கைபேசியில் இருந்ததை அழித்தாராம். கைபேசியில் அழித்தால் கிளவுடிலும் அழியும் என்று தெரியாதாம். எல்லார் முன்னாலும் அவரே சொன்னார். “நாந்தாம்மா. என் பேருதான் அதுல கெடக்கு.” படங்களை அக்கா மீட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் அண்ணாச்சி கடம்பூர் போளி வாங்கி வந்தார். முதல் போளி முத்துமாரியம்மாளுக்கு. அவர் வேறு வேலைக்குப் போகவே இல்லை. இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

கவனியுங்கள். அமுதவள்ளி தவறு செய்தவரைக் கூட்டத்தில் காட்டவில்லை. தவறு செய்யாதவரைக் காப்பாற்றினார். இரண்டும் ஒரே வரியிலிருந்துதான். அந்த வரியை எப்படி வாசிப்பது என்பதில் இருக்கிறது எல்லாம்.

இன்னொன்று. லாக்கை அழிக்கும் உரிமையை அவர் முதலில் எடுத்தது யாரிடமிருந்து? தன்னிடமிருந்து. பதிவுகளைத் தனிக் கணக்குக்கு மாற்றினார். வாசிக்க ஒருவர் போதும்; ஆனால் அவர் சாவியும் என் சாவியும் சேர்ந்தால்தான் அதில் எதையும் அழிக்க முடியும் என்று ஏற்பாடு செய்தார். அவர் வாசித்தது கூட ஒரு வரியாக விழும்படி வைத்தார். நான் எரிச்சலில் கேட்டேன், உங்களையே நம்பவில்லையா என்று.

“என்னைய நம்பி ஒரு ஏற்பாடு செய்யக்கூடாது, பொன்மணி. எனக்குக் காய்ச்சல் வரும். கோவம் வரும்.”

நாங்கள் நிறைய சண்டை போட்டவர்கள். அந்தச் சண்டையில் நான் தோற்றேன். நல்ல தோல்வி.

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் மேடையேறினேன்.

எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவார் அக்கா. அன்று அவர் எழவில்லை. நாற்காலியிலேயே சாய்ந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரை திறந்தே இருந்தது. செய்தி வந்த பிறகு அதை அணைக்க யாருக்கும் கை வரவில்லை. ஏற்றிய விளக்கை அணைப்பது போல இருந்தது. மேலே கனகாம்பரம் வைத்தார்கள். திருநீறு வைத்தார்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டையும் ஒருவர் நிறுத்திவைத்தார். யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

தகனம் முடிந்த மறுநாள் மாலை நான் லாக்கை வாசித்தேன். அமுதவள்ளி பெயரில் அன்று காலை விழுந்த ஒரு வரி இருந்தது. ஒரு லாரிக்கு அனுமதி கொடுத்திருந்தார் அமுதவள்ளி.

அவரே திரும்பி வந்துவிட்டார் என்று தோன்றியது. பயம் இல்லை. ஒரு நொடி சந்தோஷம். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

குடோன் பொறுப்பாளர் இசக்கியப்பன் அண்ணன் தாமாகவே வந்து சொன்னார். லாரி வாசலில் நின்றது. அனுமதி கொடுக்கும் உரிமை அக்காவிடம்தான் இருந்தது. திரை திறந்திருந்தது.

“அவிய இருந்திருந்தா அனுப்பியிருப்பாவ. அதான் அவிய பேர்லயே அனுப்பிட்டேன்.”

அன்பில் செய்த காரியம். மறுக்க மாட்டேன். ஆனால் அன்று அந்த லாரியில் சரக்கு மாறிப் போயிருந்தால்? யார் பதில் சொல்வது? எழுந்து வந்து, நான் இல்லை என்று சொல்ல முடியாத ஒரே ஆள் மேல் அல்லவா பழி விழும்!

இன்று நம் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. அமுதவள்ளி என்ற லாகினை அவர் நினைவாக என்றும் வைத்திருப்பது, அவசரத்துக்கு எல்லாரும் அதைப் பயன்படுத்திக்கொள்வது. நல்ல மனதோடு எழுதிய தீர்மானம். நான் அதை எதிர்க்கிறேன். ஒரு பெயரில் எல்லாரும் நுழைவதை ஒழிக்க உழைத்தவர் அவர். அவர் பெயரையே இன்னொரு ‘முதலாளி’ ஆக்கலாமா?

இதை அவர் கணவரிடம் கேட்காமல் பேசக் கூடாது என்று இன்று காலை புதியம்புத்தூர் போனேன். தங்கப்பாண்டி அண்ணனின் தையல் கூடத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் முதலில் மறுத்தார்.

“அந்தப் பேரு அங்கன ஓடிட்டு இருக்கட்டும்மா. எங்கனயாவது ஒரு எடத்துல இருக்காள்னு நெனச்சிக்கிடுதேன்.”

நான் கைபேசியைத் திறந்தேன். அந்த லாரி வரியை மட்டும் காட்டினேன். அவர் பெயரைப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். பக்கத்தில் ஓடிய மெஷினை நிறுத்தினார்.

“இதுல இருக்க நேரத்துல நான் குளத்தூர்ப் பக்கம் கடல்ல அவ சாம்பலக் கரைச்சிட்டு நின்னேன்.”

அப்புறம் சொன்னார்: “இது அவ இல்ல. மூடிரும்மா.”

அண்ணாச்சி அவர்களே, அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்கிறேன். தலையசைத்துவிட்டீர்கள். நன்றி.

நான் உறுதி சொல்கிறேன். லாக்கைத் தினமும் வாசிப்பேன். தவறாமல் வாசிப்பேன். அக்கா வைத்திருந்த சாவியை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டும் என்னிடம் இருக்கக் கூடாது. முத்துமாரியம்மாளிடம் கொடுங்கள். லாரி வரிக்குப் பக்கத்தில் இசக்கியப்பன் அண்ணன் தன் பெயரைக் குறித்துக் கொடுத்துவிட்டார். சந்தேகப்பட இனி யாரும் இல்லை.

அமுதவள்ளி அவர்கள் செய்த எதுவும் அழியாது. வரி வரியாக அவர் பெயரில் இருக்கும். அவர் தாமே செய்த கடைசிக் காரியத்தைத் தேடிப் பார்த்தேன். கடவுச்சொல்லை மறந்து வெளியே மாட்டிக்கொண்ட ஒரு புதுப் பெண்ணுக்கு உள்ளே வர வழி திறந்துவிட்டிருக்கிறார். அதன் பிறகுதான் சாய்ந்தார். அது கடைசி வரியாக நிற்கட்டும். அதற்குக் கீழே அவர் பெயரில் யாரும் எழுத வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் அலுவலகம் போகிறேன். தங்கப்பாண்டி அண்ணன் கூட வருகிறார். கனகாம்பரத்தை அவர் எடுத்துக்கொள்வார். கணினியை நான் அணைப்பேன். லாக்கில் ஒரு புது வரி விழும்.

அமுதவள்ளி: கணக்கு மூடப்பட்டது. செய்தவர்: பொன்மணி.

என் பெயரில்தான் செய்வேன், அக்கா.