நாலாவது கெமராவைத் திருப்பியது நான்

2008ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் திகதி வியாழக்கிழமை முற்பகல் 9.20 மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் வைத்து, பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் பலீலா என்பவரால் தமிழில் எழுதிக்கொள்ளப்பட்டது.

பெயர்: பொன்னையா வேலாயி. வயது: 52. முகவரி: 7ஆம் லயம், மொட்டைக்கல் தோட்டம், மேற்பிரிவு, நமுனுகுல. தொழில்: பங்களா வாசல் கூட்டுதல். படிப்பு: தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி.

நான் மேலே சொன்ன லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், என் மகன் ஜீவனோடும் மருமகள் யசோதினியோடும் வசிக்கிறேன். இருபத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். முழங்கால் பழுதான பிறகு, ஆறு வருடமாகப் பங்களாவில் வேலை செய்கிறேன். நாங்கள் தொரை என்று சொல்லும் தோட்ட முகாமையாளர் கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கடந்த 15ஆம் திகதி நான் ஏணியில் ஏறிப் பங்களாவின் நாலு கெமராக்களையும் நாசமாக்கியதாக அதில் இருக்கிறது. ஏணியில் ஏறியது உண்மை. ஒரு கெமராவைத் தொட்டதும் உண்மை. நாசமாக்கியது பொய். முழங்கால் பழுதானவள் எப்படி ஏணியில் ஏறினாய் என்று கேட்டதற்கு, கோபம் வந்தால் எனக்கு முழங்கால் நோவதில்லை என்று சொல்கிறேன்.

போன வருடம் தீபாவளி முடிந்த கிழமையில் பங்களாக் குசினியின் பின்கதவால் யாரோ புகுந்து கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு தொரை பண்டாரவளையில் இருந்து கிஷாந்தன் என்ற தம்பியை வரவழைத்து நாலு கெமரா பூட்டினார். கேற்றில் ஒன்று, முன் விறாந்தையில் ஒன்று, கராஜில் ஒன்று, குசினி மூலையில் கூரைக்குக் கீழே நாலாவது. ரெண்டு நாள் வேலை. ரெண்டு நாளும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அந்தத் தம்பி பேசிக்கொண்டே வேலை செய்கிறவர், நான் கேட்டுக்கொண்டே ஏணி பிடிக்கிறவள், எனக்குக் கெமரா விசயம் தெரிந்தது அப்படித்தான்.

நாலாவதைப் பூட்டும்போது அவர் அதைக் குசினிக் கதவைப் பார்க்கத்தான் வைத்தார். திருடன் எந்த வழியால் வரவேண்டுமோ அந்த வழியைத்தான் கெமரா பார்க்க வேண்டும், ஊரைப் பார்க்கக் கூடாது என்று சொன்னார். தொரை வந்து, இன்னும் மேலே தூக்கு, தூரம் தெரியட்டும் என்றார். அப்போது அந்தத் தம்பி, "சேர், தூக்கினா கதவு தெரியாது. கீழ பள்ளந்தான் தெரியும்" என்றார். தொரை, "நான் சொன்னதச் செய்" என்றார். அதன் பிறகு தூக்கினார். அந்தப் பள்ளத்தில் எங்கள் பீலி இருக்கிறது. பீலி என்பது மலைத் தண்ணீர் குழாயால் விழுகிற இடம். ஏழாம் லயத்துப் பெண்கள் வேலை விட்டு வந்து நாலரை மணிக்குக் குளிப்பது அங்கேதான். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. கெமரா என்றால் பக்கத்தில் இருப்பதைத்தான் பார்க்கும் என்று நினைத்துவிட்டேன். அது என் பிழை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு எட்டு மாதமாக அந்தக் கெமராக்களைப் பராமரித்தது நான்தான். படம் மங்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கெமராவுக்குப் பக்கத்தில் லைட் இருந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் சிலந்தி வரும், சிலந்தி கண்ணாடிக்கு முன்னால் வலை கட்டும். படம் வருகிற டீவியில் பார்த்தால் பேய் கை ஆட்டுகிற மாதிரி இருக்கும். லைட்டை நாலு முழம் தள்ளிப் போடச் சொன்னேன், பேய் போய்விட்டது. கண்ணாடியைப் பழைய பருத்திச் சீலைத் துண்டால் துடைக்க வேண்டும், குசினித் துணியால் துடைத்தால் எண்ணெய் படிந்து, பனி மூட்டம் இல்லாத நாளிலும் பனி மூட்டம்தான். மழைத் தண்ணீர் வயர் வழியாக ஓடிக் கெமராவுக்குள் போகாமல் இருக்க, ஓட்டைக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் கீழே தொங்க விட்டு மேலே ஏற்ற வேண்டும், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். ஒரு படம் மட்டும் கறுத்தால் பின்னால் இருக்கிற பின் லூசாகி இருக்கும். நாலும் ஒன்றாகக் கறுத்தால் ஏணி தேவையில்லை, பிளக்கைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிளக் விசயம் பின்னால் வரும் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன். படம் பிடித்து வைக்கிற பெட்டி குசினிக்குப் பக்கத்து அறையில் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த அறையில் இருப்பது பிளக் மாட்டுகிற ஒரே ஓர் இடம். பங்களாச் சமையல்காரர் கந்தப்பன் தொரையின் உடுப்பை அயன் பண்ணும்போது பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அயனை மாட்டுவார், முடிந்த பிறகு மறந்துவிடுவார். தொரை டீவியைப் பார்த்துச் சத்தம் போடுவார். நான் போய் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு மாட்டிவிட்டு வருவேன். எட்டு மாதத்தில் பதினோரு தடவை இப்படி நடந்தது. கந்தப்பனைக் காட்டிக் கொடுக்க மனமில்லாமல் ஒரு தடவையும் நான் காரணம் சொல்லவில்லை. எனக்குக் கைராசி என்று தொரை நினைத்துக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை.

இந்த மாதம் நாலாம் திகதி யசோதினி பெரட்டுக்கு, காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, போகும் வழியில், பங்களா ட்ரைவர் ரஜீவ் ஜீப்பை மெதுவாக்கி, "என்ன தங்கச்சி, பச்சப் பாவாட கிழிஞ்சிருச்சா? இப்ப ஊதாவா?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஊதாப் பாவாடை பீலியில் மட்டும் கட்டுவது. குளித்து முடிந்ததும் மேலே துண்டைப் போர்த்திக்கொண்டுதான் லயத்துக்கு வருவாள். றோட்டில் நிற்கிற யாருக்கும் அது தெரிய வழி இல்லை. அதன் பிறகு அவள் பீலிக்குப் போகவில்லை. வாளியில் தண்ணீர் சுமந்து வந்து, லயத்துப் பின்பக்கத்தில் சாக்கைக் கட்டி மறைத்துக் குளித்தாள். ஏன் என்று நான் மூன்று நாள் கேட்டேன். நாலாம் நாள்தான் சொன்னாள்.

மறுநாள் கண்ணாடி துடைக்கிற சாட்டில் பங்களாவுக்குள் போய் டீவியில் நாலாவது படத்தைப் பார்த்தேன். பீலி தெரிந்தது. துவைக்கிற கல் தெரிந்தது. கல்லில் நான் மறந்துவிட்டு வந்த சவர்க்காரப் பெட்டியும் தெரிந்தது. குசினிக் கதவு தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கந்தப்பனிடம், "இத்தன நாளும் பாத்துக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டேன். "நா குசினியவிட்டு வர்றதில்லக்கா, சத்தியமா" என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

அதன் பிறகு நான் விறாந்தையில் வைத்துத் தொரையிடமே சொன்னேன். அவர் பேப்பரை மடிக்காமலே, "அது திருடனுக்கு வச்சது வேலாயி. ஒங்களயெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்றார். என்னைப் பார்க்க ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும், என் புருசன் உயிரோடு இருந்த காலத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் நான், "அப்ப கதவப் பாக்கச் சொல்லுங்க தொர. கேஸ் சிலிண்டர் பீலியில குளிக்கப் போகாது" என்றேன். போ என்று கையைக் காட்டினார். போனேன். அதன் பிறகு தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சின்னராசாவிடம் சொன்னேன். அவர் பங்களாவுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தொரை யோசிப்பதாகச் சொன்னார் என்றார். கிஷாந்தனுக்கு டெலிபோன் எடுத்தேன். தொரை சொல்லாமல் தொட முடியாது என்றார். இப்படி மூன்று பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் நான் ஏணியை எடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

15ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கராஜில் இருந்த ஏணியைக் குசினி மூலையில் சாத்தினேன். கெமராவைப் பிடித்திருக்கிற இரும்பில் ஒரு நட் இருக்கிறது. அதைப் பத்தாம் நம்பர் சாவியால் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, ஒரு கையால் கெமராவைத் தாங்கி, கீழே திருப்பி, மறுபடி இறுக்கினேன். முழுதும் கழற்றினால் தலைகுப்புற விழுந்து வயர் அறுந்துவிடும். கண்ணாடியையும் துடைத்தேன். இறங்கிப் போய் டீவியைப் பார்த்தேன். குசினிக் கதவு, பூட்டு, படிக்கட்டு எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. கிஷாந்தன் முதலில் வைத்த அதே இடம். அதைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன்.

அதன் பிறகு நடந்ததைக் கவனமாக எழுதவும். தொரை ஏழரைக்குச் சாப்பிட்டார். டீவி முன்னால்தான் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பகல் சாப்பாட்டுக்கும் வந்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் நாலு நாற்பதுக்கு, "எவன்டா நாலாவது கெமராவில கை வச்சது?" என்று கத்தினார். திருடனைப் பார்க்க வைத்த கெமரா, திருடன் வந்த கதவை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தது. அதற்குக் கோபம் வருவது ஏன், அதுவும் நாலு நாற்பதுக்கு வருவது ஏன் என்று நான் கேட்கிறேன். அந்த நேரத்தை நான் கட்டிச் சொல்லவில்லை. முறைப்பாட்டில் அவரே எழுதியிருக்கிறார், சற்று முன்பு எனக்கு வாசித்தீர்கள்.

நான் முன்னால் போய் நின்று, "எவனும் இல்ல தொர, எவதான். நாந்தான்" என்றேன். செக்ரோல் என்கிற வேலைப் பதிவில் என் பெயரை வெட்டுவதாகவும், லயக் காம்பராவைக் காலி பண்ண வைப்பதாகவும் சொன்னார். நேற்றுத் தலைவர் சின்னராசா ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து, "கையெழுத்தப் போடு வேலாயி, வேல மிஞ்சும்" என்றார். அது சிங்களத்தில் எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கெமராக்களை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்பதாக எழுதியிருக்கிறது என்றார். நான் உடைக்காததற்கு மன்னிப்பு எங்கிருந்து எடுப்பது? திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்று காலை முதல் பஸ்ஸில் நானாகவே இங்கே வந்தேன். தமிழ் எழுதத் தெரிந்தவர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

செய்ததற்கு வருந்துகிறாயா என்று கேட்டதற்கு: ஏணியை எடுத்த இடத்தில் திருப்பி வைக்காமல் வந்துவிட்டேன், அதற்கு மட்டும் வருந்துகிறேன். கெமராவை மறுபடி மேலே தூக்கினால் மறுபடி ஏறுவேன். இதைச் சிரித்துக்கொண்டு சொல்வதாக எழுதிக்கொள்ளலாம், விளையாட்டுக்குச் சொல்வதாக எழுத வேண்டாம்.

அப்படியானால் நாலு கெமராவும் வேலை செய்யாமல் போனது எப்படி என்று கேட்டதற்குச் சொல்வதாவது: ஒன்றும் பழுதாகவில்லை. 15ஆம் திகதி பின்னேரம் ஐந்து மணிக்கு, தொரை கத்திவிட்டு ஒப்பீசுக்குப் போன பிறகு, பெட்டியின் பிளக்கைக் கழற்றியது என் கை. கிஷாந்தன் ஏணியில் நின்றபடி சொன்ன இன்னொரு விசயம் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பெட்டி பதினாலு நாள் படத்தைத்தான் வைத்திருக்கும். பதினைந்தாம் நாள் படம் உள்ளே வரும்போது முதலாம் நாளைத் தின்றுவிடும். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால், ரெண்டு கிழமையில் உள்ளே குசினிக் கதவு மட்டும்தான் இருக்கும். பீலி இருந்ததே இல்லை என்று தொரை சொல்லலாம், நான் பொய்க்காரியாகிவிடுவேன். ஆகவே நிறுத்தினேன். இந்த மாதம் ரெண்டாம் திகதியில் இருந்து கெமரா எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்பது அந்தப் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. திரும்ப மாட்டும்போது மணியும் திகதியும் பிசகிக் காட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம், பிடித்து வைத்த படத்தில் பிடித்த நாள்தான் இருக்கும்.

தொரை கூப்பிட்டு, கிஷாந்தன் நாளை வெள்ளிக்கிழமை காலை வருகிறார். வந்தால் ஒரு நிமிசத்தில் பிளக்கைக் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு பெட்டி பழையதைத் தின்னத் தொடங்கும், அல்லது துடைக்கச் சொல்லித் தொரை சொல்வார். ஆகவே அதை இன்றைக்கே எடுத்து வந்து முத்திரை வைக்க வேண்டும். அதைப் போட்டுப் பார்ப்பது பெண் பொலிசாக மட்டும் இருக்க வேண்டும். அதற்குள் இருப்பது என் மருமகளும் எங்கள் லயத்துப் பெண்களும். நீங்கள் வந்து எடுக்கும்வரைக்கும் பெட்டிக்குப் பயம் இல்லை. அந்த இடத்தில் இப்போது அயன் மாட்டியிருக்கிறது. தொரைக்கு நிறைய உடுப்பு இருக்கிறது என்று நான் கந்தப்பனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் அயன் பண்ணுவது அவருடைய வேலை, அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

எழுதியதெல்லாம் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. உடைத்தேன் என்ற சொல்லை நான் சொன்னதாக எங்கேயும் எழுதவில்லை என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். எவரும் வற்புறுத்தாமல் நான் சொன்ன உண்மை இவ்வளவுதான். கைநாட்டு வைக்க மை கொண்டு வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லி, நானே எழுதுகிறேன்.

பொ. வேலாயி
முற்பகல் 11.05

எழுதியவரின் குறிப்பு: மேற்படி பெட்டி அதே தினம் பிற்பகல் 1.40 மணிக்குப் பங்களாவில் வைத்து என்னால் கையேற்கப்பட்டு முத்திரையிடப்பட்டது. பெட்டியின் பிளக் கழற்றப்பட்டிருந்தது. நாலாவது கெமரா குசினிக் கதவை நோக்கி இருந்தது. சமையல்காரர் கந்தப்பன் மேசை விரிப்பொன்றை அயன் செய்துகொண்டிருந்தார். அயன் செய்து மடித்த சட்டைகள் இருபத்திரண்டு, தலையணை உறைகள் ஒன்பது அருகில் இருந்தன. அயன் சூடாக இருந்தது.

பலீலா, பெ.பொ.கா.