பொலி சொன்ன பாவம்

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வத்தேகமைக்குத் திரும்பும் ரயிலில், கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"தேயிலைச் செடிகிட்ட பேசுறது பாவமான்னு சாமியார்கிட்டயே கேட்டுட்டேன் அக்கா," என்றாள் இளையவள்.

"செடிகிட்ட என்னத்த புள்ள பேசுவ?"

"மொதப் புடி கொழுந்த கூடையில போடுறப்ப வெளைச்சல் பெருகணும்னு 'பொலி, பொலி'ங்கிறதுதான். ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேந்தப்புறம் பயந்துபோயி ஒரு மாசமா வாயத் தொறக்கல. மலையே கோவிச்சுக்கிட்டு என்னையப் பாத்த மாதிரி இருந்துச்சு."

"சாமியார் என்ன சொன்னாரு?"

"செடிய யாரு படைச்சான்னாரு. ஆண்டவருன்னேன். 'அப்ப அவருக்குத்தான கேக்கும்'னு சிரிச்சுட்டாரு. அபராதமா, நாளையிலருந்து சத்தமா சொல்லணுமாம்."

மூத்தவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்பாடா! பத்து வருஷமா வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருக்கேன்டி."