தூணாண்ட நிக்கிறான்

"தம்பிய இடுப்புல கயித்தப் போட்டு வீட்டுத் தூண்ல கட்டிப் போட்டது தப்பாடி?"

சின்ன காஞ்சிபுரம் போகும் டவுன் பஸ்ஸில், முன்சீட்டுத் தாவணிப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் கேட்டாள்.

"தறி இருக்குற எல்லார் வீட்லயும் கட்டுறாங்க. குழந்தை தறிக்குழில விழுந்துட்டா?"

"அதத்தான் நானும் சொன்னேன். குழந்தைங்க பாதுகாப்புன்னு வந்த அந்த ஆபீசரம்மா கேக்கல. கொடுமைன்னு சொல்லி குழந்தைங்க இல்லத்துக்குத் தூக்கிக்கினு போய்ட்டாங்க."

"அங்க கட்ட மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்க. இவனே தெனமும் காலைல அங்க இருக்குற தூணாண்ட போய் சட்டையத் தூக்கிக்கினு நிக்கிறானாம். அம்மா பாத்துட்டு வந்து அழுவுது."

தாவணிப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாளைக்கு கோர்ட்டு. அவ்ளோ பயந்துபோய்த்தான் அப்பிடி நிக்கிறான்னுதானே ஆபீசரம்மா சொல்லும்? வீட்ல அவனக் கட்டினதும் அம்மா எதிர்ல தறில வந்து உக்காரும், அதுக்குத்தான் நிக்கிறான்னு யாருடி சொல்லுவாங்க?"