வெட்டச் சொன்ன மூலை

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் டீ எப்போதும் ஆறித்தான் போகும். படத்தை மாட்டிவிட்டால் யாருக்கும் டம்ளர் ஞாபகம் வராது. இங்கே நீங்கள் சூடாகக் கொடுத்திருக்கிறீர்கள். குடித்துவிட்டே பேசுகிறேன். உங்களுக்கும் அவசரம் இல்லை, எனக்கும் இல்லை.

கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அச்சகத்தின் மாடி அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே ஜன்னல் கண்ணாடி அதிரும். சுவருக்குச் சுவர் ஒரு கயிறு, அதில் துணி மாட்டும் கிளிப்புகள். ஆளுக்கு ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். யாருடைய பாதம் வெட்டுப்பட்டிருக்கிறது, எங்கே வானம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கனம் கூடிவிட்டது என்று மற்றவர்கள் சொல்வார்கள். போட்டோ எடுத்துப் பிழைப்பவர் எங்களில் யாரும் இல்லை. ஒருவர் பல் டாக்டர். ஒருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவோம். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். வந்த புதிதில் கேமரா மூடியைக் கழற்றாமலே ஒரு சுருள் பூராவும் எடுத்துத் தள்ளியவர். அன்றிலிருந்து அவர் பெயர் மூடி.

நான் எக்ஸ்ரே அம்மா. முப்பத்துநாலு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சுவருக்குப் பின்னால் போய் ஸ்விட்சை அழுத்த வேண்டும். எத்தனை ஆயிரம் படம் எடுத்திருப்பேன், எதிலும் நான் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். படத்துக்குச் சொந்தக்காரர் வாயைத் திறக்கக்கூடாது. மற்றவர்கள் எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு. "வாயைத் திறக்கக்கூடாதுன்னா என் பொழப்பு எப்படிங்க ஓடும்?" என்று பல் டாக்டர் வாராவாரம் கேட்பார். நாங்களும் வாராவாரம் சிரிப்போம்.

மற்றவர்கள் முடித்ததும் நான் எழுந்து போவேன். என்னிடம் கறுப்பு அட்டையில் வெட்டிய இரண்டு துண்டுகள் உண்டு. இரண்டும் 'ட' எழுத்தைப் போல இருக்கும். ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் படத்தின் மேல் வைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும். இதைக் குறுக்கி, அதை நகர்த்தி, படத்துக்குள்ளே இருக்கும் படத்தைக் கண்டுபிடித்துக் காட்டுவேன். "இதோ, இவ்வளவுதான் படம். மிச்சத்தை வெட்டுங்க." பத்து வருடமாக என் வார்த்தைக்கு அங்கே மறுவார்த்தை கிடையாது.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லையா?

அக்காவுக்கு என்னைவிட ஆறு வயது கூடுதல். அத்தான் போன பிறகு என்னோடுதான் இருந்தாள். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டதால் சக்கர நாற்காலி. அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருந்தோம். அவள் அக்காவைப் பெரியம்மா என்பாள், என்னைச் சின்னம்மா என்பாள். குறை சொல்ல முடியாத பெண். வேலையில் சுத்தம். அதை நீதிமன்றத்தில் நான் சொல்லவில்லை.

உள் அறையில் என்னுடைய பதினோரு தகரப் பெட்டிகள் இருந்தன. நாற்பது வருட நெகட்டிவ். பழைய நெகட்டிவ் நாள்பட்டால் ஒரு புளித்த வாடை வரும். அக்காவுக்கு அது ஆகாது.

"என்னடி இது, பொணத்தைப் பதுக்கி வெச்ச மாதிரி நாறுது."

"ஜன்னலைத் திறந்து வெச்சா போயிடும்."

"அதுல அப்படி என்னதான்டி இருக்கு? சுவர், கதவு, பாலம். ஆளுங்கன்னு பார்த்தா எல்லாம் முதுகு. நானும் தேடித் தேடிப் பார்த்துட்டேன், என் மூஞ்சி ஒரு இடத்துலயும் இல்லை."

ஒரு சனிக்கிழமை நான் கூட்டத்தில் இருந்தபோது பழைய சாமான் வாங்குகிறவனைக் கூப்பிட்டுப் பதினோரு பெட்டியையும் கொடுத்துவிட்டாள். உள் அறையிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது அந்தப் பெண்.

நான் சத்தம் போடவில்லை. அந்தப் பெண்தான் அழுதாள். "சின்னம்மா வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு நான் சொன்னேன் சின்னம்மா. பெரியம்மாதான், நான் சொல்றேன் இல்ல, எடுடின்னு..." என்றாள். ஆக, கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியும் தூக்கியிருக்கிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் நான் போனபோது கடைக்காரன் நெகட்டிவையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டுத் தகரத்தை மட்டும் நசுக்கி அடுக்கியிருந்தான்.

அக்கா அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றாள்.

வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆறு. படகுகளைத் தண்ணீரில் இறக்க சிமென்ட் சரிவு ஒன்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் தினமும் சாயந்திரம் அக்காவை அங்கே கூட்டிப்போய், சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துவாள். ஐந்து மணிக்கு ஒரு மாத்திரை, அதை வெந்நீரில்தான் விழுங்க வேண்டும். அதற்கென்று பையில் ஒரு பிளாஸ்க் இருக்கும். பெட்டிகள் போன இருபதாம் நாள், அந்தப் பிளாஸ்கை நான் பையிலிருந்து எடுத்து அடுப்படி அலமாரியில் வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. பிறகு குடையை எடுத்துக்கொண்டு நானும் போனேன், படகுக் கொட்டகையின் நிழலில் நின்றேன்.

அந்தப் பெண் பையைக் கிளறினாள். பிளாஸ்க் இல்லை. வெந்நீர் வாங்கத் தெருமுனைக் கடைக்கு ஓடினாள். ஓடுவதற்கு முன் பிரேக்கைப் போட்டாள். போட்டுவிட்டு, சக்கரத்தைக் காலால் இடித்து ஒரு தடவை சரிபார்த்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை.

நான் அக்காவின் பக்கத்தில் போனேன்.

"வந்துட்டியா? குடையைக் கொஞ்சம் தள்ளிப் புடி. படகு வருது, மறைக்குது."

தள்ளிப் பிடித்தேன். கேட்டதைச் செய்தேன். பிறகு குனிந்து பிரேக்கை எடுத்துவிட்டேன். தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை, சரிவு நன்றாகப் போட்ட சரிவு. ஆறு அந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம். நான் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக வீட்டுக்கு வந்தேன். ஆள் வந்து சொன்னபோது துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

வழக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். கவனக்குறைவு என்றார்கள். என்னைக் கூண்டில் ஏற்றி அந்தப் பெண் எப்படி என்று கேட்டார்கள். "கொஞ்சம் மறதி உண்டு. அன்னைக்கு பிளாஸ்கையே மறந்துட்டாளே" என்றேன். அவளுக்கு நான்கு வருடம் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் உள்ளே இருந்துவிட்டாள். அவளுடைய அம்மா மட்டும் ஒரு தடவை வந்து வாசலில் நின்றாள். "எம்பொண்ணு பிரேக் போட்டேன்னு சொல்றாம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க" என்றாள். உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

அநியாயம் என்கிறீர்களா? ஒரு படத்தில் இடது பக்கம் கனமாக ஒன்று இருந்தால் வலது பக்கமும் ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் சாய்ந்துவிடும். கொடுக்கச் சொன்னவள் ஒருத்தி, தூக்கிக் கொடுத்தவள் ஒருத்தி. ஒருத்தியை மட்டும் கணக்கில் எடுப்பது எப்படிச் சரியாகும்?

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்பதும் அதைத்தானே.

தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு. மூடி ஒரு படத்தை மாட்டினார். அவர் இன்னும் பிலிமில்தான் எடுப்பவர். ஒரு சுருள் முடிய நான்கு மாதம் ஆகும், எதை எந்த நாளில் எடுத்தோம் என்பது அவருக்கே தெரியாது. எதிர்க்கரையிலிருந்து எடுத்திருந்தார். நடுவில் திரும்பி வரும் படகு. தண்ணீரில் வெயில் உடைந்து கிடந்தது. வலது பக்கம் மேல்மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, சரிவு. அதன் மேல் ஒரு சக்கர நாற்காலி. பக்கத்தில் குடையோடு குனிந்திருக்கும் ஓர் உருவம்.

"தண்ணியை நல்லா புடிச்சிருக்கீங்க மூடி" என்றார் டிரைவர்.

"படகு இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இருந்திருக்கலாம்" என்றார் பல் டாக்டர்.

மூலையை யாரும் பார்க்கவில்லை. நான் எழுந்து போய் இரண்டு அட்டைகளையும் வைத்தேன். "படகு போதும். அந்த மூலை பார்வையை இழுக்குது. வெட்டுங்க" என்றேன். மூடி தலையாட்டினார். மேசையில் கத்தரிக்கோல் இருந்தது, நானே வெட்டிக் கொடுத்தேன். வெட்டிய துண்டை அங்கே போட்டு அறையை அசிங்கப்படுத்த வேண்டாம் என்று கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நெகட்டிவை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கொடுத்திருப்பார். கேட்காதது ஒன்றே போதாதா, படத்துக்காகத்தான் வெட்டச் சொன்னேன் என்பதற்கு? அந்தப் படத்துக்கு ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. வெட்டிய படத்துக்கு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை எங்கள் கூட்டத்துக்குப் பத்து வருடம் நிறைந்தது. எல்லோருடைய நெகட்டிவையும் வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுவர் பூராவும் தெரிகிற மாதிரிக் காட்ட பல் டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். மூடியின் படகு வந்தது. முழுசாக வந்தது. நகம் அளவு இருந்த மூலை இப்போது கதவு அளவு இருந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழக்கம் விடவில்லை. படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"அட, இது இன்னும் நல்லா இருக்கே" என்றார் டிரைவர். "அந்த நாற்காலிக்காரம்மா பாருங்க, படகையே பார்த்துகிட்டிருக்காங்க. பக்கத்துல ஒரு பொம்பளை குனிஞ்சு கால்ல போர்வையை சரி பண்றா போல. அம்மாவும் பொண்ணுமா இருக்கும். மனசுக்கு இதமா இருக்கு."

"ஆமாங்க, பார்வை படகுல ஆரம்பிச்சு நேரா அங்கதான் போகுது" என்றார் பல் டாக்டர். "படமே அந்த மூலைதான். இதை வெட்டச் சொன்ன புண்ணியவான் யாருங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஆள் இருக்கற மூலையை வெட்டாதீங்க, படத்துக்கு உசுரே அதுதான்னு நீங்கதானேம்மா பாடம் எடுப்பீங்க?" என்றார் டிரைவர்.

மூடி மட்டும் சிரிக்கவில்லை. சொந்தக்காரர் பேசக்கூடாதே. முட்டியில் இரண்டு கையையும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது என்று. ஆனாலும் சட்டத்தை மீறவில்லை, நல்ல மனிதர். டிரைவர் வானத்தைப் பற்றி ஏதோ சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். என் முறை வந்தது. "படகு போதும்" என்றேன்.

"இப்ப நான் பேசலாமா?" என்றார் மூடி.

"பேசுங்க."

"அம்மா, அது உங்க குடை."

என் குடையில் ஒரு கம்பி ஒடிந்து ஒரு பக்கம் தொங்கும். பத்து வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அறையின் கதவோரம்தான் அதை விரித்து வைப்பேன். அவர் சொன்னதும் யாரும் சுவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் கதவோரம் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன். "கம்பி அப்பவே ஒடிஞ்சிருந்துது."

அன்று டீயை ஒருவரும் தொடக்கூட இல்லை. நான்தான் டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். மூடி திங்கட்கிழமை நெகட்டிவோடு இங்கே வந்தார் என்று சொன்னீர்கள். நான் அதற்கு முன்பே வந்திருப்பேன், ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு.

பயந்து வந்தேன் என்று எழுத வேண்டாம். வருத்தமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். பெட்டிகளுக்காக வருந்துகிறேன். அக்காவை ஆற்றில் விட்டது நான்தான். பிளாஸ்கை எடுத்தது நான், பிரேக்கை எடுத்தது நான், கூண்டில் ஏறிச் சொன்னது நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள். அந்தப் பெண்ணை விட்டுவிடுவோம் என்கிறீர்கள். விடுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் சாட்சியை மறைக்க வெட்டச் சொன்னேன் என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அதற்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பத்து வருடமாக ஒருவருக்கும் நான் தப்பான யோசனை சொன்னதில்லை. அந்தப் படத்தைக் கொண்டுவாருங்கள், என் அட்டைகள் கைப்பையில் இருக்கின்றன, வைத்துக் காட்டுகிறேன். அதில் ஒரு படகு இருக்கிறது, வெயில் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஆள் இருக்கும் மூலையை வெட்டச் சொல்கிறவள் இல்லை நான். அந்த மூலையில் ஆள் யாரும் இல்லை.