எடையில்லாத கூடாரம்

— முந்நூறு. என் பையன் கடைசியாப் படுத்திருந்த டென்ட்டுக்கு முந்நூறுன்னு சீட்டு ஒட்டி, பழைய சரக்கோட சரக்காப் போட்டு வச்சிருக்கே.

— அக்கா, அத விக்கிறதுக்கு ஒட்டல. மலையேத்தச் சாமான் கடைல ஒரு பொருள் சீட்டு இல்லாம கிடந்தா வர்றவன் போறவன் எல்லாம் என்ன ஏதுன்னு கேப்பான். விலை ஒட்டிட்டா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். அதுவும் கிழிஞ்ச டென்ட்டுக்கு முந்நூறுன்னா கிட்டயே வரமாட்டான்.

— எவனாவது வந்து கேட்டிருந்தா?

— ஆயிரம்னு மாத்தி எழுதியிருப்பேன்.

— மலைலருந்து மீட்புக்காரங்க இறக்கிக் குடுத்து ரெண்டு மாசம் ஆகுது. நான் கேட்டப்பல்லாம் அவங்க ஆபீஸ்லயே இருக்குன்னே. இன்னைக்கு அங்க போய் நிக்கறேன், உங்க தம்பி அன்னைக்கே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரேங்கறான்.

— சொல்லியிருந்தா நீ இது முன்னாடி வந்து தரைல உக்காருவேன்னு தெரியும். இப்ப உக்காந்திருக்கிற மாதிரி. எழுந்திரு, ஸ்டூல் தரேன்.

— ஸ்டூல் வேணாம். விரிச்சுக் காட்டு.

— வேணாங்க்கா.

— விரிடா. கடைக்காரன்தான நீ. வந்தவளுக்குச் சரக்க விரிச்சுக் காட்டு.

— ...இந்தா. துணி இந்த இடத்துலதான் கிழிஞ்சிருக்கு. ஒடிஞ்ச கம்பி குத்துன இடம். மத்தபடி துணி தேறும்.

— இது துணியா? வெங்காயச் சருகு மாதிரி இருக்கு.

— எடை குறையணும்னா துணில குறைக்கணும், இல்ல கம்பில குறைக்கணும். வேற எதுல குறைக்கறது, பாரேன். சும்மா சொல்லக்கூடாது, வெயில்ல காயப் போடாம வச்சுக்கிட்டா இந்தச் சருகே பத்து வருஷம் உழைக்கும். மொத்தமும் ஒன்றரைக் கிலோ. பிள்ளை பொறந்தப்போ இருந்த எடைல பாதி...

— உன்னக் கேட்டேனா அத?

— கேக்கல. வாய் தவறிடுச்சு.

— துணி இருக்கட்டும். கம்பி ஏன் ஒடிஞ்சுது?

— வயசு.

— யாருக்கு?

— கம்பிக்குத்தான். அலுமினியம் வளையும், நிமிரும், மறுபடி வளையும். ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள கொஞ்சம் அலுத்துப் போகும். வெளில பாத்தா மாப்பிள்ளை மாதிரி மினுக்கிட்டு நிக்கும். இத நான் போன வருஷமே தூக்கிப் போட்டிருக்கணும். காசு பாக்கற புத்தி, வச்சிருந்தேன். அதையே அத்தான்கிட்டயும் பையன்கிட்டயும் குடுத்தனுப்பினேன். என் தப்புக்கா. மொத்தமும் என் தப்பு.

— அவ்வளவுதானா?

— வேற என்ன சொல்ல? கால்ல விழணும்னா விழறேன்.

— அப்பா கடைல கல்லாவுக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து வளந்தவங்கடா நாம. நம்ம வீட்ல எவனாவது முதல் விலைலயே இறங்கிப் பாத்திருக்கியா? பல்லப் புடுங்கப் போன இடத்துல, ரெண்டு புடுங்கினா எவ்வளவு குறைப்பீங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டவன் நீ. நல்ல பல்லையும் சேத்துப் புடுங்கிட்டு வந்தே. கேக்காமலே நீ இறங்குனா சரக்குல எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். எங்க இருக்கு?

— ஓட்டையெல்லாம் ஒண்ணும் இல்ல.

— கம்பியக் குடு.

— ஓரம் கூரா இருக்கும், கையக் கிழிச்சிரும்.

— குடுங்கறேன்ல. ...நடுவுல ஒடியலையே இது. ரெண்டு துண்டும் சேர்ற இடத்துல வாய் பிளந்து நிக்குது. வயசான கம்பி இப்படியா ஒடியும்?

— ...இல்ல.

— அப்புறம்?

— ஒரு துண்டோட நுனி அடுத்த துண்டுக்குள்ள முழுசா இறங்கி முட்டி நிக்கணும். முட்டுனா அத்தன துண்டும் ஒரே கம்பியா வேலை செய்யும். பாதில நின்னுட்டா, காத்து அழுத்தறப்போ பாரம் பூரா அந்த வாய்ல வந்து உக்காரும். வாய் கிழிஞ்சிரும். புதுக் கம்பின்னாலும் கிழியும். இது புதுக் கம்பிதான். நான் சீல் பிரிக்காம குடுத்தது.

— அப்போ போட்டவங்க கைதான் சரியில்ல.

— மழை, இருட்டு, கை விறைச்சுப் போயிருக்கும். யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகும். அத்தான நான் ஒரு வார்த்த சொல்லல.

— அவர் போடல.

— அவர்தான போட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு? போலீஸ்லயும் அப்படித்தான எழுதிக் குடுத்தாரு?

— பையன் போட்டான். அன்னைக்குச் சாயந்திரம் போன்ல குரல் பதிஞ்சு அனுப்பினான். "அம்மா, அப்பாவப் பாறை மேல ராஜா மாதிரி உக்கார வச்சுட்டு நானே டென்ட் போட்டுட்டேன், ஒரு கம்பியக் கூட அவரத் தொட விடல"ங்கறான். சிரிக்கறான். பின்னாடி காத்துச் சத்தம் கேக்குது.

— அக்கா... இது அத்தானுக்குத் தெரியுமா? நீ இதக் கேட்டேன்னு?

— தெரியாது. எப்படிச் சொல்றது? அந்த மனுஷன் பிள்ளை மேல ஒரு சொல் விழக் கூடாதுன்னு தன் தலைல தூக்கி வச்சிருக்காரு. எனக்குத் தெரியும்னு போய் நின்னா, போன பிள்ளையக் கூப்பிட்டுக் குத்தம் சொன்ன மாதிரி ஆகாதா?

— ஆகும்தான்.

— ஆனா இப்படியே விடவும் முடியல. டென்ட் சாஞ்சு தண்ணி உள்ள வந்ததும், நனையாம இருந்த ஒரே தூக்கப் பைக்குள்ள அவரத் தள்ளி மூடிட்டான். அவன் குளிர்லயே போயிட்டான். அன்னைலருந்து மனுஷன் போர்வை போத்தறதில்ல. ஜன்னலத் திறந்து விட்டு வெறுந்தரைல படுக்கறாரு. நான் தூங்கறவர் மேல போத்தினா எழுந்து மடிச்சு வச்சுட்டு மறுபடி படுக்கறாரு. நெஞ்சுல சளி கட்டிப்போச்சு. இந்தக் குளிர்காலத்த இப்படியே ஓட்டினா தாங்கமாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒருத்தனக் குடுத்தாச்சு. இன்னொருத்தரையும் குடுக்க என்கிட்ட தெம்பு இல்லடா.

— நான் என்ன செய்யணும், சொல்லு.

— எங்கிட்ட விக்கப் பாத்தியே ஒரு பொய், அத அவர்கிட்ட வில்லு. கம்பி பழசு, தப்பு கடைக்காரனோடதுதான்னு. பிள்ளை மேலயும் விழாது, அவர் தலைச்சுமையும் இறங்கும். ஆனா எங்கிட்ட செஞ்ச மாதிரி எடுத்த எடுப்புலயே இறங்கிராத. முதல்ல என் சரக்கா கெட்ட சரக்குன்னு எகிறு. நான் திட்டறேன். படிப்படியா இறங்கு. நம்ம வீட்டுக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு அவருக்கு, சும்மா கிடைச்சத நம்பமாட்டாரு.

— எங்க இருக்காரு?

— வண்டில. கடைக்குள்ள கால் வைக்கமாட்டேன்னுட்டாரு.

— வச்சுட்டாரு. படியேறி வர்றாரு பாரு. கண்ணத் தொடச்சுக்க.

— என்ன, அக்காவும் தம்பியும் தரைலயே கடை பரப்பியாச்சா?

— வாங்க அத்தான். உக்காருங்க.

— நிக்கறேன். லாரி எடை போடற மேடைல நின்னே வேலை பாத்துப் பழகுன கால், உக்காந்தாத்தான் வலிக்கும். ...இதானா மாப்ள?

— இதுதாங்க. நல்லாக் கேட்டுக்கோங்க, இவன் நமக்குக் குடுத்தது பழைய கம்பி. அதனாலதான் ஒடிஞ்சிருக்கு.

— பழசுன்னு உனக்கு யாருக்கா சொன்னா? என் கடைச் சரக்கக் குறை சொல்ற வேலையெல்லாம் வச்சுக்காத. அத்தான், அது பத்தர மாத்துக் கம்பி.

— எத்தன வருஷம் வாடகைக்கு விட்டே?

— ஒண்ணு.

— இந்த அக்கா மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— சரி, ரெண்டு இருக்கும்.

— ரெண்டு?

— நாலு. போதுமா? ஒரு தடவ வளைஞ்சு வந்துச்சு, முட்டி மேல வச்சு நிமித்தி விட்டேன். நிமித்துன கம்பிய நம்பக் கூடாதுதான். அத்தான், உங்க கைல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பழசக் குடுத்துட்டேன்.

— ம். சரி. நீ போய் வண்டில என் கண்ணாடி இருக்கா பாரும்மா. கம்பிய நல்லாப் பாக்கணும்.

— இதோ எடுத்துட்டு வரேன். நீங்க அந்த ஸ்டூல்ல கொஞ்சம் உக்காருங்க.

— ...போயிட்டாளா மாப்ள?

— தெருவத் தாண்டிட்டாங்க.

— கண்ணாடி சட்டைப் பைலதான் இருக்கு. நீ நல்லவன்டா, ஆனா அடுத்தவன் பாரத்த உன் வண்டில ஏத்திக்காத. அச்சு முறிஞ்சிரும்.

— இல்ல அத்தான், கம்பி நிஜமாவே...

— புதுக் கம்பி. மலை மேல நானேதான் அந்த உறையக் கிழிச்சேன். கேளு, டென்ட்ட நான் போடல. அவன் போட்டான். ஒடிஞ்சதும், கம்பிய முழுசா இறக்கலன்னு அவனுக்கே புரிஞ்சுபோச்சு. பல்லு கிடுகிடுன்னு அடிக்குது, அப்பவும் பேச்சு அதப் பத்தித்தான். "அப்பா, வீட்டுக்குப் போனா அம்மா என்னக் கொன்னுடும். நீங்க போட்டதாச் சொல்லிருங்க. உங்கள ஒண்ணும் சொல்லாது"ங்கறான்.

— "வீட்டுக்குப் போனா"ன்னா சொன்னான்?

— வீட்டுக்குப் போவோம்னுதான் நினைச்சிருக்கான். சரிடான்னேன். அவன் எங்கிட்ட கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதான். அதையும் நீ உன் பேர்ல வாங்கிட்டா எங்கிட்ட என்ன மிஞ்சும்?

— அதுக்காகப் போர்வை கூடவா வேணாங்கறீங்க?

— போத்தினா அந்தப் பை நினைப்பு வருது மாப்ள. அவன் அதுக்குள்ளருந்து எழுந்துதான் என்ன உள்ள தள்ளினான். கதகதன்னு இருந்துச்சு. அவன் சூடு அது.

— அக்கா வர்றாங்க.

— அவகிட்டச் சொல்லிராத. எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்.

— வண்டி பூராத் தேடிட்டேன், கண்ணாடியக் காணோம். ...என்னடா, ரெண்டு பேர் மூஞ்சியும் ஏன் இப்படி இருக்கு?

— அக்கா, போன எடு.

— எதுக்கு?

— எடுத்து அந்தக் குரலப் போடு.

— டேய். உன்ன நம்பித்தானடா சொன்னேன்.

— அவரும் நம்பித்தான் சொன்னாரு. ரெண்டு பக்கமும் தரகு பேசுனவன்தான் நான், பாரேன், ஆனா ஒரே பொருள ஒரே வீட்ல ரெண்டு பேர் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் ஒளிச்சு வச்சிருக்கறத இன்னைக்குத்தான் பாக்கறேன். போடுக்கா. அவரும் கேக்கட்டும்.

— "அம்மா, அப்பாவப் பாறை மேல ராஜா மாதிரி உக்கார வச்சுட்டு நானே டென்ட் போட்டுட்டேன், ஒரு கம்பியக் கூட..."

— எப்ப வந்துச்சு இது?

— அன்னைக்குச் சாயந்திரம்.

— அப்போ உனக்கு முதல்லருந்தே...

— தெரியும்.

— அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பான்னான்.

— எங்கிட்ட சொன்னதையே மறந்திருப்பான். எப்பவும் அப்படித்தான, அவனே உளறிட்டு அப்புறம் உங்களக் காவலுக்கு நிறுத்துவான்.

— திட்டியிருப்பியா அவன?

— திட்டத்தான் வாசல்ல உக்காந்திருந்தேன். ...இந்தாங்க, என் சால்வை. கடை ஜில்லுன்னு இருக்கு.

— ம். குடு.

— காதோட சேத்துச் சுத்திக்கோங்க. கழட்டக் கூடாது.

— கழட்டல. ...ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல. லீவு விட்டா இந்தக் கடைலதான் கிடப்பான். எத்தன டென்ட் நிறுத்தியிருப்பான். அவனுக்குப் போய் ஒரு கம்பி மாட்டத் தெரியாமப் போச்சே.

— இருட்டுல போட்டிருப்பான் அத்தான்.

— நல்ல வெளிச்சம். மழையும் இல்ல. அவசரப்படவும் இல்ல, சீட்டியடிச்சுக்கிட்டே போட்டான். ...மாப்ள, நடுக்கடைல நிக்குதே மஞ்ச டென்ட், அத யாரு போட்டது?

— நான்தான். காலைல.

— மூட்டுல ஒரு விரக்கடை இடைவெளி தெரியுதே. இந்த மூட்டுலயும் இருக்கு. அந்தப் பக்கமும்.

— அது காட்டறதுக்கு நிறுத்துனதுதான அத்தான். சாயந்திரம் கழட்டி வைக்கணும். முழுசா இறக்குனா இறுகிக்கும், இழுக்கறப்போ புதுக் கம்பில கீறல் விழும், வாங்க வர்றவன் விலையக் குறைப்பான். கூரைக்குக் கீழ காத்து ஏது?

— எப்பவும் இப்படித்தான் போடறதா?

— கடைல இப்படித்தான்.

— அவனுக்கும் இப்படித்தான் பழக்கி விட்டியா?

— ...முழுசா இறக்கினா திட்டுவேன்.

— தம்பி...

— அக்கா, நீ என்ன கேட்டாலும் தரேங்க்கா. அத்தான், நீங்களாவது கேளுங்க. கடைய வேணும்னாலும் எழுதி வாங்கிக்கோங்க.

— எங்களுக்கு நீ தர வேண்டியது ஒண்ணும் இல்ல மாப்ள. அவ கணக்கு தீந்துச்சு. என் கணக்கும் இப்பத்தான் தீந்துச்சு. உன்னோடது மட்டும் நிக்குது, அத வாங்கிக்க வேண்டியவன்தான் வரமாட்டான்.